கான்டே 13: ஃபிரான்ஸ் 2018 ஜெர்சி வாங்கப் போறவங்களுக்கு

2018 உலகக் கோப்பை ஜெயிச்ச ஃபிரான்ஸ் ஃபுட்பால் டீமோட மிட்ஃபீல்டர் கான்டே, அவரு பேரும் 13 நம்பரும் போட்ட ஜெர்சி இது. ரேட்டிங் மொதல்லயே: துணி 4/5, பிரிண்ட் 2/5, கடைக்காரங்க சர்வீஸ் 3/5. ரெண்டாயிரத்துக்குள்ள கஸ்டம் பேரோட ஒரு ஜெர்சி வேணும்னா தாராளமா வாங்கலாம், ஆனா பிரிண்ட் பத்தி கீழ சொல்றத படிச்சிட்டு ஆர்டர் போடுங்க.

இது ஒரிஜினல் இல்ல, ஃபர்ஸ்ட் காப்பி, அத மறைக்கல. 2018 மாடல் ஒரிஜினல் இப்ப கடைக்கு வராது, பழைய ஜெர்சி விக்கிறவங்ககிட்ட தேடிப் போனா அவங்க சொல்ற வெலைக்கு நல்ல பூட்ஸே வாங்கிடலாம். அதனால ஆன்லைன்ல ஒரு கடை, பேரு வேணாம், ரெட்ரோன்னு தனியா ஒரு பிரிவே வச்சிருக்காங்க, அங்க எடுத்தேன். எம்பாப்பே 10, கிரீஸ்மன் 7, போக்பா 6, இந்த மூணும் எல்லா சைஸ்லயும் ரெடியா இருக்கு. கான்டே 13 இல்லையான்னு வாட்ஸ்அப்ல கேட்டா "அது மூவ் ஆகாது சார், கஸ்டம் பிரிண்ட்தான், எக்ஸ்ட்ரா ஆகும், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"னு பதில் வருது. அந்த உலகக் கோப்பையில ஃபிரான்ஸ் ஆடின ஏழு மேட்ச்லயும் ஸ்டார்டிங் லெவன்ல இருந்த ஆளு, ஸ்டாக்ல இல்ல. கடைக்காரர குத்தம் சொல்லவும் முடியாது, விக்கிறதத்தான வாங்கி வைப்பாரு, எதிராளிகிட்ட பந்த பிடுங்குறதே வேலையா இருக்குற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் பேர முதுகுல போட்டுட்டு எத்தன பேரு சுத்துறாங்க சொல்லுங்க.

அடுத்த கேள்வி "சிங்கிள் ஸ்டாரா டபுள் ஸ்டாரா". இது தெரியாம நெறைய பேரு ரெண்டு ஸ்டார் வாங்கிட்டு அதான் ஃபைனல் ஜெர்சின்னு நெனச்சிட்டு இருக்காங்க. சேவல் லோகோவுக்கு மேல இருக்குற ஸ்டார் ஒவ்வொண்ணும் ஒரு உலகக் கோப்பை. மாஸ்கோவுல ஃபைனல் ஆடினப்ப ஃபிரான்ஸ் கிட்ட இருந்தது 1998 கோப்பை ஒண்ணுதான், அதனால ஃபைனல்ல போட்டது ஒரு ஸ்டார் ஜெர்சி. ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது ஸ்டார் ஏறுச்சு. ரெண்டு ஸ்டார் தப்புன்னு சொல்லல, அது கொண்டாட்டத்துக்கான ஜெர்சி. எனக்கு மேட்ச்ல வேர்வ சிந்துன ஜெர்சிதான் வேணும், ஒரு ஸ்டார் சொன்னேன்.

இத்தனைக்கும் அந்த ஃபைனல்லயே கான்டேவுக்கு நல்ல நாள் இல்ல. ஜூலை 15, குரோஷியாவோட மேட்ச். வயிறு சரியில்லாம இறங்கியிருக்காருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 27வது நிமிஷம் பெரிசிச்ச தடுக்கப் போயி ஃபவுல், மஞ்சள் அட்டை, அந்த ஃப்ரீ கிக்ல இருந்தே பெரிசிச் கோல் போட்டு 1-1 ஆக்கிட்டாரு. 55வது நிமிஷத்துல கோச் டெஷாம் இவர வெளிய எடுத்துட்டு என்சோன்சிய உள்ள விட்டாரு. அப்ப ஸ்கோர் 2-1. அடுத்த பத்து நிமிஷத்துல போக்பா ஒண்ணு எம்பாப்பே ஒண்ணு, கடைசில 4-2. அந்த ரெண்டு கோலும் விழும்போது இவரு பெஞ்சுல. அந்த ஒரு மேட்ச மட்டும் பாத்தவன்கிட்ட கான்டே யாருன்னு கேட்டா "பாதில தூக்கிட்டாங்களே அந்த குட்டையா இருந்தவரா"ன்னுதான் கேப்பான். அதுக்கு முன்னாடி கசான்ல அர்ஜென்டினா மேட்ச், 4-3, மெஸ்ஸி எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்ல இவரு நின்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது, எம்பாப்பே ஓடினதுதான் இருக்கும். கோப்பை வாங்கின அன்னைக்கு அத கையில எடுக்கவே கூச்சப்பட்டுட்டு ஓரமா நின்னாராம், என்சோன்சி சொல்லித்தான் இவர் கைக்கு வந்துச்சாம்.

சரி ஜெர்சிக்கு வரேன்.

துணி நல்லா இருக்கு, எதிர்பாக்கல. ஃபேன் வெர்ஷன்தான் எடுத்தேன். பிளேயர் வெர்ஷன் எடுத்தா உடம்போட ஒட்டிக்கும், லோகோவும் ரப்பர் மாதிரி ஒட்டினதா வரும். ஃபேன் வெர்ஷன்ல சேவல் எம்ப்ராய்டரி, உள்பக்கம் திருப்பிப் பாத்தா நூல் சுத்தமா வெட்டியிருக்கு, பிசிறு இல்ல. நீலம் போட்டோவுல பாத்தத விட கொஞ்சம் கருப்பா அடிக்குது, வெயில்ல நின்னா சரியா தெரியுது. விளையாடிப் பாத்துட்டேன், வேர்த்தா முதுகுல ஒட்டுது ஆனா சீக்கிரம் காயுது. பக்கவாட்டுத் தையல் ஸ்ட்ராங், இழுத்தாலும் விடல.

பிரிண்ட்லதான் கோட்ட விட்டுட்டாங்க. அவரு பேர்ல கடைசி எழுத்துக்கு மேல சாய்வா ஒரு சின்ன கோடு உண்டு, ஃபிரெஞ்சுல அது இல்லாம எழுதக் கூடாது, அவரு ஜெர்சியிலயும் அது இருக்கும். ஆர்டர் போடும்போதே போட்டோ அனுப்பி வட்டம் போட்டு காட்டினேன். வந்துச்சு, கோடு இருந்துச்சு, சந்தோஷம். ஆனா அந்தக் கோட்ட தனியா வெட்டி மேல வச்சு ஹீட் பிரஸ் பண்ணியிருக்காங்க, அரிசி சைஸுக்கு ஒரு துண்டு. மொத சலவையிலயே ஒரு முனை எழும்பிக்கிச்சு, அப்புறம் காணாமலே போச்சு. 13 நம்பர் கல்லு மாதிரி இருக்கு, மத்த எழுத்து எல்லாம் நல்லா பிடிச்சிருக்கு, அது மட்டும் போச்சு, அந்த எடத்துல பசை காஞ்ச ஒரு கறை. மெசேஜ் போட்டா "பிரிண்ட்டுக்கு வாரண்டி இல்ல சார், டபுள் டேப் ஒட்டிக்கோங்க"ன்னு சொல்றாங்க. ஜெர்சிக்கு டபுள் டேப்! சரி அதையும் விடுங்க, எழுத்து ஃபான்ட் கரெக்ட்டா இருந்ததுக்காகத்தான் ரெண்டு மார்க்.

பேக்கிங் ஓகே, டெலிவரி சொன்ன தேதிக்கு வந்துச்சு, பதில் போடுறவர் மரியாதையா பேசுறாரு. அதனால சர்வீஸுக்கு மூணு.

"ஏன் கான்டே, பெருசா என்ன பண்ணிட்டாரு, ஓடுவாரு அவ்வளவுதான"ன்னு கேக்குறவங்க இருப்பீங்க. ஓடுவாருங்கிறதே எனக்கு ஒத்துக்க முடியாத விமர்சனம். பூமில 70 சதவீதம் தண்ணி மீதிய கான்டே பாத்துக்கிறாருன்னு ஒரு ஜோக் எல்லா குரூப்லயும் வந்து வந்து சலிச்சுப் போச்சு, அந்த ஜோக்காலயே மனுஷன் மூளைய யாரும் கவனிக்கல. பந்து எங்க விழப் போகுதுன்னு ஒரு செகண்ட் முன்னாடி தெரிஞ்சாதான் அங்க போயி நிக்க முடியும், சும்மா ஓடுறதுன்னா மாரத்தான் ஓடுறவன கூட்டிட்டு வந்து நிறுத்தலாமே.

மனுஷன் ரொம்ப லேட்டா மேல வந்தவரு. 1991ல பாரிஸ்ல பிறந்தாரு, மாலி நாட்டுல இருந்து வந்த குடும்பம், வளர்ந்தது பாரிஸுக்கு மேற்க ருயெய் மல்மெசோன்ல, ஆடினது பக்கத்துல சுரென்ங்கிற ஊரோட சின்ன கிளப்புக்கு. உருவம் சின்னதுன்னு பெரிய அகாடமிங்க எதுவும் எடுக்கல. இன்னைக்கும் 168 சென்டிமீட்டர்தான். 19 வயசுல பூலோன் கிளப்புக்குப் போறாரு, அங்கயும் மொதல்ல ரிசர்வ் டீம். கூடவே அக்கவுண்ட்ஸ் படிப்பு, பிராக்டீஸுக்கு கால்ல தள்ளுற ஸ்கூட்டர்ல போவாராம். 2012 மே மாசம்தான் மெயின் டீம்ல மொத மேட்ச், அதுவும் ரெண்டாவது டிவிஷன்ல, அந்த சீசனோட டீம் மூணாவது டிவிஷனுக்கு இறங்கிருச்சு. அப்ப இவருக்கு 21. எம்பாப்பே அந்த வயசுல உலகக் கோப்பைய வாங்கி வீட்டு அலமாரியில வச்சு ரெண்டு வருஷம் ஆயிருச்சு, ஒரே டீம்ல ஆடினவங்கதான் ரெண்டு பேரும்.

2013ல கான் கிளப் (ஊர் பேரே கான், நார்மண்டில இருக்கு), மொத வருஷமே லீக் 1க்கு புரமோஷன், ரெண்டாவது வருஷம் எதிராளிகிட்ட இருந்து பந்த பிடுங்குறதுல லீக்லயே முன்னாடி. இங்கிலாந்து கிளப் லெஸ்டர் ஆளுங்க கண்ணுல பட்டாரு, 2015 ஆகஸ்ட்ல 56 லட்சம் பவுண்டுக்கு தூக்கிட்டாங்க. ஸ்டீவ் வால்ஷ்னு அவங்களுக்கு ஆள் தேடிக் குடுக்குற ஸ்கவுட், கோச் ரனியேரி வேணாம் ரொம்ப சின்னவரா இருக்காரேன்னு இழுத்தத விடாம நச்சரிச்சு வாங்க வச்சாரு. அப்புறம் அதே ரனியேரி, "ஒருநாள் நீயே கிராஸ் போட்டு நீயே ஓடிப் போயி தலையால முட்டி கோல் போடுறத பாக்கப் போறேன்"னு இவர கிண்டல் பண்ற அளவுக்குப் போனாரு.

லெஸ்டர் டீம் அந்த வருஷம் ஆடினது 4-4-2, அதாவது நாலு டிஃபென்டர், நாலு மிட்ஃபீல்டர், ரெண்டு ஃபார்வர்ட், அத கொஞ்சம் யோசிங்க. நடுவுல ரெண்டே ஆளு, டிரிங்க்வாட்டரும் இவரும். எதிர்ல வர்ற பெரிய டீம் எல்லாம் நடுவுல மூணு பேர வச்சு ஆடும். கணக்குப்படி லெஸ்டர் தோத்திருக்கணும். ஆனா இவரு ஒரு ஆள் கிட்ட பந்த பிடுங்கிட்டு, அது தவறினா அடுத்த ஆள் கிட்டயும் போயி நிப்பாரு, பிடுங்கின பந்து மாரெஸுக்கோ வார்டிக்கோ போயிடும், அடுத்த அஞ்சு செகண்ட்ல கோல் போஸ்ட் முன்னாடி இருப்பாங்க. அந்த சீசன்ல 175 டாக்கிள் (எதிராளி கால்ல இருந்து பந்த பிடுங்குறது), 156 இன்டர்செப்ஷன் (பாஸ நடுவுல மறிக்கிறது). டாக்கிள்ல லீக்லயே மொத எடம். டிவில ரீப்ளே காட்டும்போது வார்டி கோல் போட்டதுல இருந்து காட்டுவான், அதுக்கு பன்னெண்டு செகண்ட் முன்னாடி சைடு லைன் பக்கம் ஒருத்தர் கால நீட்டி பந்த நிறுத்தினது கட் ஆயிருக்கும். கல்யாண வீட்டுல சமையக்கட்டுக்கும் பந்திக்கும் நடுவுல நாள் முழுக்க ஓடிட்டு ஆல்பத்துல ஒரு போட்டோல கூட இல்லாத சித்தப்பா ஒருத்தர் இருப்பாரே, அவரேதான்.

நம்ப மாட்டேங்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 2015-16 பிரிமியர் லீக்ல லெஸ்டர் மொத எடம், 81 பாயிண்ட், செல்சி பத்தாவது. 2016ல இவர 3 கோடி சொச்சம் பவுண்டு குடுத்து செல்சி எடுத்தாங்க. 2016-17ல செல்சி மொத எடம், 93 பாயிண்ட், லெஸ்டர் பன்னெண்டாவது, ரனியேரிய நடு சீசன்லயே அனுப்பிட்டாங்க. மத்த காரணமும் இருக்கு, செல்சி கோச் கோன்டே (இது வேற ஆளு) மூணு டிஃபென்டர் வச்சு ஆட ஆரம்பிச்சு வரிசையா 13 மேட்ச் ஜெயிச்சது எனக்கும் தெரியும், லெஸ்டருக்கு சாம்பியன்ஸ் லீக் சுமையும் சேந்துச்சு. ஆனாலும் ரெண்டு பக்கத் தராசுலயும் பொதுவா இருந்த ஒரே எடக்கல்லு யாருன்னு நீங்களே பாத்துக்கோங்க. அந்த வருஷம் பிளேயர்ஸ் ஓட்டுப் போட்டு குடுக்குற விருது, பத்திரிகைக்காரங்க குடுக்குற விருது ரெண்டும் இவருக்கு. மிட்ஃபீல்டுல பந்து பிடுங்குற ஆளுக்கு இது சாதாரணமா நடக்காது.

இங்க ஒரு சண்டை போட்டே ஆகணும். எல்லாரும் இவர "அடுத்த மக்கலேலே"ன்னு சொல்றாங்க. எனக்கு ஒத்து வரல. மக்கலேலேவும் ஃபிரான்ஸ், அவரும் செல்சி, அவரும் உயரம் கம்மி, ஒத்துக்கறேன். ஆனா அவரு செஞ்ச வேலை வேற. மக்கலேலே டிஃபென்ஸுக்கு முன்னாடி நங்கூரம் போட்ட மாதிரி நிப்பாரு, எடத்த விட்டு அசைய மாட்டாரு, அவர நம்பித்தான் ரியல் மாட்ரிட்ல ராபர்ட்டோ கார்லோஸ் மேல மேல போயிட்டு இருந்தாரு, ஜிடான் ஃபிகோ எல்லாம் திரும்பி ஓடாம ஆடினாங்க. 2003ல சம்பளம் ஏத்தக் கேட்டாரு, ரியல் மாட்டேன்னுட்டு செல்சிக்கு வித்துட்டாங்க, அதே கோடையில பெக்காம வாங்கினாங்க. ஜெர்சி வியாபாரம்னு பாத்தா பெக்காம் பேரு எங்க, மக்கலேலே பேரு எங்க. ஆனா அடுத்த லா லிகா கோப்பை ரியலுக்கு 2007லதான் வந்துச்சு. செல்சி 2005, 2006 ரெண்டு வருஷமும் பிரிமியர் லீக் அடிச்சாங்க. ஜெர்சி கடைக்காரர் கணக்கும் ஃபுட்பால் கணக்கும் என்னைக்கு ஒத்துப் போயிருக்கு.

கான்டே நங்கூரமே கிடையாது. எடத்த விட்டு வெளிய பாய்ஞ்சு பிடுங்குறவரு, பிடுங்கின பந்த தானே தூக்கிட்டு முன்னாடி ஓடுறவரு. இவர ஒரே எடத்துல கட்டிப் போட்டா பாதி ஆட்டம் போச்சு. சாரிங்கிற கோச் 2018ல செல்சிக்கு வந்து ஜோர்ஜினோவ நடுவுல வச்சுட்டு இவர வலது பக்கம் தள்ளினப்ப ஊரே கத்துச்சு, உலகத்தோட பெஸ்ட் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர எடம் மாத்துறானேன்னு. சாரி செஞ்சது முழுசா சரின்னு நான் சொல்ல வரல, எதிராளி பெனால்டி பாக்ஸ் பக்கம் இவர் காலுக்கு பந்து வந்தா எனக்கே பயமாத்தான் இருக்கும். ஆனா அந்த சீசன் மொத மேட்ச்ல ஹடர்ஸ்ஃபீல்டு மேல மொத கோல் போட்டது இவரு, டிசம்பர்ல மான்செஸ்டர் சிட்டி மேல போட்டதும் இவரு. அடுத்த வருஷம் மே மாசம் அஜர்பைஜானோட பாகூ நகரத்துல யூரோப்பா லீக் ஃபைனல், முட்டி சரியில்லாமலே ஆடி அர்செனல 4-1.

2021 சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் ரெண்டாவது லெக் (செமிஃபைனல்ல ஒரே டீமோட ரெண்டு மேட்ச், அதுல ரெண்டாவது), ரியல் மாட்ரிட் மேட்ச், அத யாராவது முழுசா பாக்கலன்னா பாருங்க, ஹைலைட்ஸ் வேணாம், முழு மேட்ச். கண்ண இவர் மேல மட்டும் வச்சு பாருங்க. மொத கோல் மூவ் இவரு பந்த தூக்கிட்டு ஓடி ஆரம்பிச்சது, ஹாவெர்ட்ஸ் தூக்கிப் போட்டது கோல் போஸ்ட் பார்ல பட்டு வெர்னர் தலையில. ரெண்டாவது கோல், 85வது நிமிஷம், எல்லாருக்கும் கால் இழுத்துட்டு இருக்கு, இவரு பந்த பிடுங்கி புலிசிக்குக்கு குடுக்க, அவரு உள்ள போட, மவுண்ட் முடிச்சாரு. கோல் ஸ்கோரர் லிஸ்ட்ல வெர்னர், மவுண்ட். ரெண்டு லெக்லயும் ஆட்டநாயகன் இவரு. ஃபைனல் போர்டோவுல, மே 29, சிட்டிய 1-0, அங்கயும் ஆட்டநாயகன் இவரேதான், தன்ன விட ஒரு தலை உயரமானவங்க நடுவுல எகிறி ஹெட்டர் எடுத்துட்டு இருந்தாரு. உலகத்தோட பெஸ்ட் பிளேயருக்கு குடுக்குற பாலன் டி ஓர் விருதுல அந்த வருஷம் அஞ்சாவது. அஞ்சாவது!

ஜெர்சி பைத்தியங்களுக்கு இதுல ஒரு துணுக்கு. அந்த மே மாசம் இங்கிலாந்து கிளப்புங்க ஆடுற எஃப்ஏ கப் ஃபைனல்ல செல்சி அடுத்த சீசனோட புது ஜெர்சிய போட்டுட்டு இறங்கி லெஸ்டர் கிட்ட தோத்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு போர்டோவுல பழைய ஜெர்சிதான். அதனால சாம்பியன்ஸ் லீக் ஜெர்சின்னு கேட்டு வாங்குறவங்க 2020-21 மாடல கேளுங்க, கடைக்காரங்க 2021-22அ தள்ளி விடுவாங்க, நெஞ்சுல 3ன்னு அதே ஸ்பான்சர்தான் ரெண்டுலயும், மாத்திக் குடுத்தா தெரியாது. புதுசுல வளைஞ்சு வளைஞ்சு கட்டம் போட்ட டிசைன் இருக்கும், அதான் அடையாளம்.

அதுக்கப்புறம் காயம்தான் மிச்சம். 2022 ஆகஸ்ட்ல டாட்டன்ஹாம் மேட்ச்ல தொடைப் பின்பக்கத் தசை போச்சு, ஆபரேஷன், கத்தார் உலகக் கோப்பையே போச்சு, அந்த சீசன் லீக்ல ஏழு மேட்ச்தான். 2023ல சவுதி அல் இத்திஹாதுக்கு போனப்ப எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க, நானும் பெருசா பாக்கல அந்த லீக. 2024ல ஐரோப்பிய நாடுகள் ஆடுற யூரோ கோப்பைக்கு டெஷாம் திரும்ப ஃபிரான்ஸ் டீமுக்கு கூப்பிட்டாரு, 33 வயசு, மொத மேட்ச் ஆஸ்திரியாவோட, ஆட்டநாயகன் யாருன்னு நான் சொல்லணுமா. 2025ல இத்திஹாத் லீக்கும் அடிச்சாங்க, கிங்ஸ் கப்பும் அடிச்சாங்க.

பெரிய பிளேயர் ஆனப்புறமும் சின்ன மினி கூப்பர் காரயே ஓட்டின கதை, ரயில தவற விட்டுட்டு மசூதில பாத்த ரசிகர் வீட்டுல போயி சாப்பிட்டு வீடியோ கேம் ஆடின கதை எல்லாம் உங்களுக்கே தெரியும். நல்ல மனுஷன், சந்தேகமே இல்ல, ஆனா அந்தக் கதைங்களையே பேசிப் பேசி ஆட்டத்த மறந்துடறாங்க.

வாங்கப் போறவங்களுக்கு: சைஸ் சின்னதா வருது, நீங்க எப்பவும் எம் போடுறவங்கன்னா எல் எடுங்க, தொப்பை இருந்தா யோசிக்காம எக்ஸ்எல். பிரிண்ட் சொல்லும்போது பேரையும் மேல இருக்குற கோட்டையும் ஒரே ஷீட்ல சேத்து வெட்டச் சொல்லுங்க, தனியா ஒட்டாதீங்கன்னு எழுதியே அனுப்புங்க, ஒட்டறதுக்கு முன்னாடி போட்டோ கேளுங்க, அனுப்புறாங்க. வாஷிங் மெஷின் வேணாம், உள்பக்கம் திருப்பி கையால பச்சத் தண்ணில அலசி நிழல்ல காயப் போடுங்க, அயர்ன் பாக்ஸ முதுகுப் பக்கம் கொண்டே போகாதீங்க. 2015-16 லெஸ்டர் ஜெர்சியில கான்டேவோட 14 நம்பர் இருக்கான்னு கேட்டதுக்கு அந்த சீசன் லெஸ்டர்ல வார்டி 9 மட்டும்தான் வச்சிருக்கோம்னு சொன்னாங்க, வேற கடையில 14 பாத்தவங்க கமெண்ட்ல போடுங்க.